டவர் இல்லையென்று போனை மாற்றுவதற்கு முன் அளந்து பார்த்தேன்

எங்கள் வீடு ஏற்காட்டில் நாகலூர் போகும் பாதையில், சாலையை விட்டுக் கொஞ்சம் இறக்கத்தில் இருக்கிறது. கொஞ்சம் காபி, கொஞ்சம் மிளகு, தங்க வருபவர்களுக்கு இரண்டு அறை. அறை கேட்டு அழைப்பவர்களுக்கு ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ என்று கேட்டால் போதும், அடுத்த இடத்துக்கு அடித்துவிடுவார்கள். போன வருடத்திலிருந்தே இந்தத் தொல்லை அதிகமாகிவிட்டது. சேலத்தில் படிக்கும் அக்கா மகன் மலைக்கு வரும்போதெல்லாம் ஒரே பாட்டுத்தான்: “மாமா, இந்தப் போனைத் தூக்கிப் போடுங்க. ஃபைவ் ஜி வாங்குங்க, எல்லாம் சரியாயிடும்.”

போன் மூன்று வருடப் பழசு, 4ஜி மட்டும். வேறு குறையொன்றும் இல்லை. சேலத்தில் இருக்கும் நாளில் இரவுவரை தாங்கும் பேட்டரி, வீட்டில் மதியமே பாதிக்குக் கீழே இறங்கிவிடும். டவர் சரியாகக் கிடைக்காத இடத்தில் போன் முழுச் சக்தியோடு கத்திக்கொண்டே இருக்கும், தேடிக்கொண்டே இருக்கும்; சூடு ஏறுவதும் அதனால்தான். இருபதாயிரம் ரூபாய் கொடுத்துப் புதுசு வாங்கி, அதுவும் சமையல்கட்டில் ‘சேவை இல்லை’ என்று காட்டினால் யாரைப் போய்க் கேட்பது? அதனால் முதலில் அளந்து பார்ப்பது என்று முடிவு செய்தேன். குற்றம் போனிலா, சிம்மிலா, வீட்டிலா என்பதைத் தனித்தனியாகப் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

திரையில் தெரியும் கோடுகளை இதற்கு நம்பக் கூடாது. எந்த அளவுக்கு எத்தனை கோடு காட்டுவது என்று பொதுவான விதி கிடையாது. ஒவ்வொரு போன் கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்கிறது. ஒரே அளவு சிக்னலுக்கு ஒரு போன் மூன்று கோடு காட்டும், இன்னொன்று ஒன்று காட்டும். பார்க்க வேண்டியது டிபிஎம் (dBm) என்கிற எண்ணை, அதாவது சிக்னலின் சக்தியை டெசிபல் கணக்கில் சொல்லும் அளவை. ஆண்ட்ராய்டு போனில் அமைப்புகளுக்குள் போய் ‘போனைப் பற்றி’ பகுதியில் சிம் நிலையைத் திறந்தால் பெரும்பாலும் தெரியும். பல போன்களில் *#*#4636#*#* என்று அழுத்தினாலும் வரும். ஐபோனில் *3001#12345#* போட்டு அழைக்க வேண்டும்.

எண் மைனஸில் இருக்கும், பூஜ்யத்தை நோக்கி வர வர நல்லது. 4ஜி-யில் மைனஸ் 80, 85 என்றால் தாராளம். மைனஸ் 100ஐத் தாண்டினால் சுமார். 110ஐத் தாண்டினால் பேச்சு வெட்டி வெட்டி வரும். 120 என்றால் போன் மூச்சு விடுகிறது, அவ்வளவுதான். இது கூட்டல் கணக்கு இல்லை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: 3 டெசிபல் இறங்கினால் சக்தி பாதி, 10 இறங்கினால் பத்தில் ஒரு பங்கு.

வெறும் எண்ணைப் பார்த்து மட்டும் என்ன செய்வது, ஒப்பிட இன்னொரு போன் வேண்டும். மனைவியின் போனை எடுத்துக்கொண்டேன். ஏறக்குறைய அதே விலை, அதே வயது. இரண்டிலும் வேறு வேறு சிம் இருந்தால் ஒப்பீடு செல்லாது. அதனால் என் சிம்மைக் கழற்றி இந்தப் போனில் போட்டு அளப்பது, அதே இடத்தில் அதே சிம்மை அந்தப் போனில் போட்டு அளப்பது. சிம் மாற்றியதும் வரும் முதல் எண்ணை எழுதக் கூடாது, கொஞ்சம் நிலைபெற விட வேண்டும். கையில் பிடித்தபடி அளக்கவும் கூடாது. ஆன்டெனா போனின் மேல், கீழ் ஓரங்களில்தான் இருக்கிறது. உள்ளங்கையால் கீழ்ப்பக்கத்தை இறுக்கினால் என் போனில் 4, 5 டெசிபல் உடனே இறங்கியது. ஸ்டூலில் வைத்து, தள்ளி நின்று படித்தேன். காந்த வளையம் வைத்த கவரைக் கழற்றியும் பார்த்தேன், 1 டெசிபல்கூட மாறவில்லை. பழி கவர் மேல் இல்லை.

எந்த அலைவரிசையில் பிடித்திருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். செல்மேப்பர் போன்ற செயலிகள் அதைக் காட்டும். நம் ஊரில் 4ஜி பெரும்பாலும் 850, 900, 1800, 2100, 2300 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. எண் சிறிதாக இருந்தால் தூரம் போகும், சுவரையும் மரத்தையும் ஓரளவு தாண்டும்; பெரிதாக இருந்தால் வேகம் கிடைக்கும், ஆனால் சுவரைக் கண்டால் சுருண்டுவிடும். ஒரு போன் 850லும் இன்னொன்று 2300லும் இருக்கும்போது எடுத்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அந்தக் கணக்குக்கு அர்த்தமே இல்லை. இரண்டும் ஒரே அலைவரிசையில் நிற்கும்போது மட்டும் குறித்தேன்.

வீட்டைச் சுற்றி அளந்தது ஒரு பக்கம் இருக்கட்டும். டவர் நன்றாகக் கிடைக்கும் இடத்திலும் அளந்தே ஆக வேண்டும், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதற்காக சேலத்தில் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை மேசையில் இரண்டையும் வைத்தேன். மனைவி போனில் மைனஸ் 78. என் போனில் மைனஸ் 91. தலைக்கு மேல் டவர் இருக்கும் ஊரிலேயே 13 வித்தியாசம். வீட்டில் காபி காயப்போடும் களத்தில், வானம் பார்த்த இடத்தில், அவள் போன் 95, என் போன் 107. சமையல்கட்டில் அவளுடையது 112. என்னுடையது 121 வரை தொட்டுவிட்டு சேவையே இல்லாமல் போனது. போனுக்குப் போன் இரண்டு மூன்று டெசிபல் கூடக்குறையக் காட்டுவது சகஜம். ஆனால் எங்கே போனாலும் 12, 13 என்று ஒரே வித்தியாசம் கூடவே வந்தால் அது இடத்தின் கோளாறு இல்லை. போனுக்குள் ஏதோ ஒன்று பதினாறில் ஒரு பங்கைத்தான் உள்ளே விடுகிறது.

இதே கணக்கை வீட்டுப் பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். மனைவியின் நல்ல போனிலேயே களத்துக்கும் சமையல்கட்டுக்கும் இடையில் 17 டெசிபல் காணாமல் போகிறது. ஒன்றரை அடி கனத்தில் கருங்கல் சுவர், மேலே ஓட்டை எடுத்துவிட்டு அப்பா காலத்தில் போட்ட தகர ஷீட். கல்லைத் தாண்டி அலை மெலிந்துதான் வரும்; தகரத்தைத் தாண்டி வரவே வராது, ஜன்னல் வழியாக நுழைந்தால்தான் உண்டு. ஆக, போன் விழுங்குவது 12, வீடு விழுங்குவது 17. புதுப் போன் வாங்கினால் முதல் எண் போகும், இரண்டாவது எண் அப்படியே இருக்கும். அக்கா மகனிடம் இதைச் சொன்னபோது, “அப்ப வீட்டை மாத்துங்க மாமா” என்றான்.

மனைவிக்கு இன்னொரு சந்தேகம். “என்னங்க, பனி மூடினா டவர் போயிடுதே, அதை ஏன் அளக்கல?” என்றாள். எதிர் மரம் தெரியாத அளவுக்கு மூடியிருந்த ஒரு காலையில் களத்தில் வைத்துப் பார்த்தோம். எண்ணில் மாற்றமே இல்லை. இந்த அலைவரிசைகளுக்குப் பனித்துளி ஒரு தடையே அல்ல. நனைந்த இலைதான் கொஞ்சம் விழுங்கும், அதிலும் 2300 போன்ற மேல் வரிசைகளில். எங்களுக்கும் சாலைக்கும் நடுவே சில்வர் ஓக் மரங்கள் வரிசையாக நிற்கின்றன, ஒவ்வொன்றின் மேலும் மிளகுக்கொடி அடர்த்தியாக ஏறியிருக்கிறது. தவிர, பனியும் மழையுமான நாளில்தான் கரண்டும் நீண்ட நேரம் போகும். டவரில் இருக்கும் பேட்டரி தீர்ந்தால் அதுவும் படுத்துவிடும். பழி பனி மேல் விழுகிறது.

அளக்கும்போது இன்னொரு வேடிக்கையும் கண்ணில் பட்டது. ஏற்காட்டின் காட்சிமுனையான லேடீஸ் சீட்டில் நின்றால் சேலம் நகரமே காலடியில் கிடக்கிறது. போனில் எல்லாக் கோடும் நிறைந்து நிற்கிறது. ஆனால் பேசினால் அந்தப் பக்கத்துக்குக் கேட்பதில்லை. கீழே சமவெளியில் எங்கோ இருக்கும் டவர் நேர்பார்வையில் இருப்பதால் அதன் குரல் நமக்கு நன்றாகக் கேட்கிறது. நம் குரல் அதற்குப் போய்ச் சேர வேண்டுமே. டவர் பல பத்து வாட் அளவில் அனுப்பும், 4ஜி போன் அதிகபட்சம் 200 மில்லிவாட்தான். வாங்கும் சிக்னலின் எண் மட்டும் முழுக் கதையைச் சொல்லாது என்பதற்கு அந்த இடம் நல்ல உதாரணம். அங்கே நின்று போனை எடை போட்டால் தப்பான தீர்ப்புத்தான் வரும்.

சரி, போனுக்குள் என்ன கோளாறு? தொல்லை அதிகமான காலத்தை யோசித்தால் ஒரு தடயம் இருந்தது. போன வருடம் சார்ஜ் ஏறாமல் போய், ஒரு கடையில் சார்ஜிங் போர்டு மாற்றியிருந்தேன். நிறையப் போன்களில் சார்ஜிங் போர்டு என்பது வெறும் சார்ஜ் ஓட்டை அல்ல. கீழ்ப்பக்க ஆன்டெனாவுக்கான தொடுமுனைகளும் அதே குட்டிப் போர்டில்தான் இருக்கும். அங்கிருந்து மேலே இருக்கும் மதர்போர்டுக்கு ஒரு மெல்லிய கோஆக்ஸ் கேபிள் ஓடும். போர்டு மாற்றும்போது அந்தக் கேபிளைக் கழற்றி மாட்டியே ஆக வேண்டும்.

சேலத்தில் வேறொரு கடைக்குப் போனேன். ஒரு சந்துக்குள் இருக்கும் கடை. பூதக்கண்ணாடி விளக்கும் சூட்டுத் தட்டும் வைத்துக்கொண்டு ஒரு தம்பி உட்கார்ந்திருந்தார். எண்களை எழுதிய தாளைக் காட்டியதும் கொஞ்சம் சிரித்தார். “டவர் வரலன்னு வர்ற எல்லாரும் ஐசி போயிடுச்சான்னு கேப்பாங்கண்ணா. நீங்க பேப்பரோட வந்திருக்கீங்க” என்றார். கழற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாமா என்று கேட்டேன். சரி என்றார்.

பின்பக்கத்தைத் தட்டில் வைத்துச் சூடேற்றி, உறிஞ்சியை ஒட்டி இழுத்து, விழுந்த இடுக்கில் பிளாஸ்டிக் தகட்டை விட்டுச் சுற்றிலும் பசையை அறுத்தார். மூடி வந்ததும் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றினார். கீழே திருகுகளை எடுத்து ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கினால் சார்ஜிங் போர்டு. பேட்டரி ஓரமாக ஒரு கறுப்புக் கேபிள், வெர்மிசெல்லி கனம்தான் இருக்கும். அதன் இரு முனையிலும் கடுகளவு வட்டப் பித்தளைப் பொத்தான். மேல்முனை சரியாக உட்கார்ந்திருந்தது. கீழ்முனை பொத்தானின் மேல் சாய்ந்து படுத்திருந்தது, மாட்டவே இல்லை. கழன்றுவிடாமல் இருக்க அதன் மேல் ஒரு துண்டு டேப் வேறு ஒட்டியிருந்தார்கள். தம்பி இடுக்கியால் டேப்பை உரித்துவிட்டு விளக்கைத் திருப்பினார். அந்த முனையின் வட்ட விளிம்பு ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. அழுத்தி மாட்டப் பார்த்து, வராததால் டேப் போட்டு மூடியிருக்கிறார்கள்.

“இதை மட்டும் மாத்தினா பத்தாதுண்ணா, இங்க பாருங்க” என்று போர்டின் ஓரத்தைக் காட்டினார். ஆன்டெனாவைத் தொட வேண்டிய ஸ்பிரிங் தகடுகள் மூன்றில் ஒன்று மடங்கிப் படுத்திருந்தது. அந்தப் போர்டே டூப்ளிகேட். சார்ஜ் ஏறும், அதற்கு மேல் எதையும் எதிர்பார்க்க முடியாது என்றார். உடைந்த போனிலிருந்து கழற்றிய ஒரிஜினல் போர்டு ஒன்று அவரிடம் இருந்தது. அதையும் புதுக் கேபிளையும் போட்டார். ஸ்பிரிங் தொடும் இடங்களை ஐபிஏ என்ற ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தார். கேபிள் முனை உட்காரும்போது ‘டிக்’ என்று விரலுக்குத் தெரிய வேண்டும், தெரியவில்லையென்றால் மாட்டவில்லை என்று அர்த்தம் என்றார். மூடுவதற்கு முன்பே போனைப் போட்டு எண்ணைக் காட்டினார். மொத்தம் 650 ரூபாய். ஒன்று மட்டும் எச்சரித்தார்: ஒருமுறை திறந்த போனுக்குத் தண்ணீர் தாங்கும் தன்மை பழையபடி இருக்காது. ஏற்காட்டு மழையில் இது சின்ன விஷயமில்லை.

அதே டீக்கடை மேசையில் இப்போது என் போன் மைனஸ் 80. களத்தில் 97. மனைவி போனோடு 2 தான் வித்தியாசம். பேட்டரி வீட்டிலும் மாலையைத் தாண்டுகிறது. சமையல்கட்டில் 113, அதாவது சேவை இல்லை என்பது போய், கரகர என்று ஏதோ கேட்கிறது என்ற நிலை. போனின் பங்கு சரியாகிவிட்டது. இனிச் சுவரின் பங்கு.

சந்தையில் சிக்னல் பூஸ்டர் என்று ஒரு பெட்டி விற்கிறார்கள். கூரைமேல் ஒரு ஆன்டெனா, உள்ளே ஒன்று. பக்கத்து எஸ்டேட்காரர் ஒருவர் சொன்னார் என்று விசாரித்தேன். நம் நாட்டில் தனியாள் உரிமம் இல்லாமல் அதை வைப்பது சட்டவிரோதம். சரியில்லாத பெட்டி டவரின் காதையே அடைத்து, சுற்றியிருப்பவர்களின் இணைப்பையும் கெடுத்துவிடும். அந்த யோசனையை அங்கேயே விட்டுவிட்டேன்.

எங்கள் வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு ஏற்கெனவே இருக்கிறது. தங்க வருபவர்கள் வெந்நீருக்கு முன்னால் கேட்பது வைஃபைதான். பிறகு வைஃபை காலிங் இருக்க எதற்குச் சுவரோடு சண்டை? 2019 டிசம்பரிலேயே நம் நாட்டில் வந்துவிட்ட வசதி இது. அமைப்புகளில் சிம் பகுதிக்குள் ஒரு பொத்தான், தனிக் கட்டணம் கிடையாது. ஆனால் போன் மாடலும் சிம் நிறுவனமும் இரண்டுமே ஆதரிக்க வேண்டும். ஆன் செய்தபின் மேலே வைஃபை காலிங் குறி வந்தால் அழைப்பு வைஃபை வழியாகப் போகிறது என்று பொருள். என் சிம்மில் ஓடிபி-யும் அப்படியே வருகிறது. எல்லா சிம்மிலும் வரும் என்று எண்ணிக்கொள்ளாமல், போனை ஏரோபிளேன் மோடில் போட்டு வைஃபையை மட்டும் திறந்து, ஓர் ஓடிபி வரவழைத்துப் பார்த்துவிடுங்கள்.

கருங்கல் வைஃபையையும் விடுவதில்லை. சமையல்கட்டுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் வரவே இல்லை, 2.4 தடுமாறியது. ரவுட்டரை முன்னறை மூலையிலிருந்து நடு வாசல்காலுக்கு மேலே மாற்றியதும் வந்துவிட்டது. கரண்ட் போனால் ரவுட்டரும் போய்விடும் என்பதுதான் மிச்சக் குறை. ரவுட்டருக்கென்றே 12 வோல்ட் மினி யுபிஎஸ் கிடைக்கிறது. ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் தனித்தனியாக இருந்தால் இரண்டுக்கும் சேர்த்து வயர் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். எங்களுக்கு ஒரே பெட்டி என்பதால் சிக்கல் இல்லை.

அக்கா மகன் விடவில்லை. “இருந்தாலும் ஃபைவ் ஜி-ன்னா ஃபைவ் ஜி தானே மாமா?” வேகத்துக்குச் சரி. ஆனால் அதிகம் பேசப்படும் 5ஜி அலைவரிசை 3300 முதல் 3670 மெகாஹெர்ட்ஸ் வரை; 2300க்கே வளையாத எங்கள் சுவருக்கு அது எம்மாத்திரம். 700 மெகாஹெர்ட்ஸில் வரும் 5ஜி வேறு, அது சுவருக்குள் நன்றாக நுழையும். அதை எடுக்க போனில் என்28 என்ற அலைவரிசை இருக்க வேண்டும். போன் வாங்கும்போது பெட்டியில் ‘5ஜி’ என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளாமல், அந்த மாடலின் அலைவரிசைப் பட்டியலை எடுத்துப் படித்துவிடுவது நல்லது. துபாயிலிருந்து மச்சான் கொண்டுவரும் போனுக்கும் இது பொருந்தும். வெளிநாட்டு மாடல்கள் சிலவற்றில் இங்கே தேவையான அலைவரிசை ஏதாவது விடுபட்டிருக்கும், சிலவற்றில் நம் சிம்முக்கு வோல்ட்டி (VoLTE), அதாவது 4ஜி வழியாகவே பேசும் வசதி, வேலை செய்யாது. 2ஜி, 3ஜி இல்லாமல் 4ஜி, 5ஜி-யில் மட்டுமே ஓடும் ஜியோ போன்ற சிம்மில் வோல்ட்டி இல்லையென்றால் சாதாரண அழைப்பே போகாது.

அதனால் இப்போதைக்குப் போனை மாற்றவில்லை. கம்பெனி பாதுகாப்பு அப்டேட் கொடுப்பதை நிறுத்தும்போது மாற்ற வேண்டியிருக்கும், வங்கிச் செயலிகளை வைத்துக்கொண்டு அதற்குப் பிறகும் ஓட்டுவது சரியில்லை. சிக்னலுக்காக மாற்ற வேண்டிய காரணம் 650 ரூபாயோடு தீர்ந்தது.

தீராதது ஒன்று இருக்கிறது. களத்திலிருந்து பேசிக்கொண்டே சாலைக்கு ஏறினால், வளைவில் இருக்கும் பாறைக்குப் பக்கத்தில் அழைப்பு அறுந்துவிடுகிறது. இரண்டு போனிலும் அறுகிறது. ஒரு டவரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இடம் அது, நடுவில் மேடு. வைஃபை அங்கே எட்டாது. எந்தப் போன் வாங்கினாலும் அந்த இடத்தில் உதவாது. வேறு நிறுவனத்தின் டவர் வேறு பக்கம் இருந்தால் உதவலாம். இரண்டாவது சிம் துவாரம் சும்மாதான் இருந்தது, இன்னொரு நிறுவனத்தின் ப்ரீபெய்டு சிம் ஒன்றைக் குறைந்த ரீசார்ஜில் போட்டிருக்கிறேன். களத்தில் 4 டெசிபல் மேல், சமையல்கட்டில் இரண்டும் ஒன்றுதான், பாறை வளைவில் இதுவரை அறுக்கவில்லை. காபி பறிப்பு முடியும்வரை இரண்டையும் ஓட்டிப் பார்க்கப்போகிறேன். புதியதுதான் நிற்கிறது என்றால் பழைய எண்ணையே அந்த நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், 1900க்கு ‘போர்ட்’ குறுஞ்செய்தி அனுப்பித் தொடங்கிவிடலாம்.